மாமனார் மேல் விழுந்த பழி

அந்த வீட்டில் ரிமோட் மக்கர் பண்ணினாலும் சரி, வைஃபை படுத்துவிட்டாலும் சரி, மாப்பிள்ளையைத்தான் கூப்பிடுவார்கள். அலுவலகத்தில் எல்லாருடைய கோப்புகளையும் பிரதியெடுத்துப் பத்திரப்படுத்துவதே அவருடைய வேலை. அதனால், குடும்பத்துப் படங்கள், வீடியோக்கள் அத்தனையையும் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் கொட்டி டிவி பக்கத்தில் வைத்து, "இனிமே எதுவும் தொலையாது" என்று அவர் சொன்னபோது யாரும் மறுபேச்சு பேசவில்லை. மச்சினி அவரை நம்பித் தன் போனில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டாள்.

இன்னொரு பிரதி வேண்டும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டார். டிஸ்க்கிலிருந்து டக் டக்கென்று சத்தம் வர ஆரம்பித்தபோது, டிவியின் ஒலியைக் கூட்டிக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்திருந்த மச்சினி, தன் குழந்தை முதன்முதலாக நடந்த வீடியோவைப் போடச் சொன்னாள். டிஸ்க் மூச்சே விடவில்லை.

"காலைல நான்தான் தூசி தட்டினேன். அதைத் தூக்கி இந்தப் பக்கம் வச்சேன்," என்றார் மாமனார். குரல் உள்ளே போயிருந்தது.

"கொஞ்சம் அதிர்ந்தாக்கூடப் போயிடும் மாமா, இதெல்லாம்," என்று மாப்பிள்ளையின் வாயிலிருந்து வந்துவிட்டது. முழுப் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் பழி கைமாறிவிட்டது.

"உங்களை யாருப்பா அதைத் தொடச் சொன்னது?" என்று மாப்பிள்ளையின் மனைவி சீறினாள். மச்சினி எழுந்து உள்ளே போனாள். மாப்பிள்ளை வயரைக் கழற்றுவதும் மாட்டுவதுமாகத் தலையை நிமிர்த்தாமல் உட்கார்ந்திருந்தார்.

அதன்பின் மாமனார் டிவி பக்கமே போகவில்லை. தண்ணீர் டம்ளரைக்கூட இரண்டு கையாலும் பிடித்தார்.

பழுதுபார்க்கும் இடத்தில் கையை விரித்துவிட்டார்கள். "நான் புதுசு ஒண்ணு வாங்கித் தர்றேன். எது நல்லதுன்னு நீங்க பார்த்துச் சொல்லுங்க மாப்பிள்ளே," என்று மாமனார் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

கடையில், கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருந்தவற்றைக் குனிந்து குனிந்து பார்த்தார். "தம்பி, கை நடுங்குறவன் தொட்டாலும் கெடாத மாதிரி ஏதாவது இருக்கா?"

கடைக்காரர், உள்ளே எதுவும் சுற்றாத எஸ்.எஸ்.டி. டிஸ்க் ஒன்றை எடுத்து வைத்தார். "இது கீழ விழுந்தாலும் தாங்கும் சார்."

"அப்ப எங்க வீட்டுக்கு இதுதான் சரி. நான் இருக்கேனே!" என்று மாமனார் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

மாப்பிள்ளைக்குக் காது மடல் சுட்டது. மாமனாரின் கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்து, நிறுத்தியிருந்த ஸ்கூட்டர்களுக்கு நடுவே நின்றுகொண்டு சொன்னார்.

"நீங்க கெடுக்கல மாமா. ரொம்ப நாளாவே அது சத்தம் போட்டுக்கிட்டிருந்தது. கேட்டும் நான் காப்பி எடுக்கல. உங்க மேல போகட்டும்னு விட்டுட்டேன்."

மாமனார் திட்டியிருந்தால் மாப்பிள்ளை தாங்கியிருப்பார். மாமனாரோ தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா நிம்மதியா தூங்கியிருப்பேனே, மாப்பிள்ளே."

"மன்னிச்சிடுங்க மாமா."

"எங்கிட்ட மட்டும் சொன்னா ஆச்சா? வீட்டுல சொல்லுங்க. உங்களுக்காக நான் சொல்ல மாட்டேன்."

திரும்ப உள்ளே போனார்கள். "எது வாங்கினாலும் ஒரு நாள் போகத்தான் செய்யும். அதனால ரெண்டு வேணும் மாமா. ஒண்ணு நம்ம வீட்டுல, ஒண்ணு உங்க சின்னப் பொண்ணு வீட்டுல," என்றார் மாப்பிள்ளை. அலுவலகத்தில் தினமும் சொல்வதுதான்.

சாப்பிடும்போது வீட்டில் விஷயத்தைச் சொன்னார். மனைவி அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. "உங்களைப் போய் திட்டிட்டேனேப்பா," என்று அப்பாவின் தோளைத் தொட்டாள். போனில் மச்சினி, "நீங்க சொன்னீங்கன்னுதானே அத்தான் அழிச்சேன்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

சொந்தக்காரர்கள் ஒருவர் விடாமல் கூப்பிட்டு, இருக்கும் படங்களை அனுப்பச் சொன்னார். "இவ்வளவு தெரிஞ்ச நீங்களா தொலைச்சீங்க?" என்று கேட்காதவர் இல்லை. "ஆமா, என் தப்புதான்," என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். சொல்லச் சொல்லப் பழகிவிடும் என்று நினைத்தார், பழகவில்லை.

கல்யாணப் படங்களில் பாதி கிடைத்தன. வந்ததையெல்லாம் இரண்டு டிஸ்க்கிலும் ஏற்றினார். குழந்தை நடந்த வீடியோ யாரிடமும் இல்லை.