இருக்கை உறைக்கு வந்த வரி

கிளிநொச்சிக்கு வெளியே, ஏ9 வீதியிலிருந்து சற்று உள்ளே இருந்த அந்தத் தொழிற்சாலையில் கார் இருக்கைகளுக்கு உறை தைத்தார்கள். தைத்ததெல்லாம் அமெரிக்காவுக்குப் போனது. சுரேகா அங்கே மெஷினில் வேலை செய்தாள். பெண்கள் அவளைத் தொழிற்சங்கக் கிளைக்குத் தலைவியாகவும் வைத்திருந்தார்கள்.

வெளிநாட்டுக் கார்ப் பாகங்களால் தன் தேசியப் பாதுகாப்புக்கு ஆபத்து என்று சொல்லி அமெரிக்கா வரி போட்டபோது, இந்த உறைகளும் அதில் அகப்பட்டன. வரியில் பாதியைத் தொழிற்சாலை சுமக்காவிட்டால் வேலையை வேறு நாட்டுக்குக் கொடுத்துவிடுவோம் என்று வாங்குகிற நிறுவனம் அறிவித்தது. முதலாளி கண்ட வழி சுலபமானது. சம்பளம் அதே சம்பளம். மணித்தியாலத்துக்குத் தைக்கிற உறை மட்டும் கால்வாசி கூட வேண்டும்.

அந்த நாட்களில் வர்த்தகத் துறை அதிகாரி ஒருவர் கொழும்பிலிருந்து வந்து பெண்களைக் கூட்டிவைத்துப் பேசினார். உற்பத்தி மேலாளர் நாஸிம் அவருடைய சிங்களத்தைத் தமிழில் சொன்னார். நாஸிம் வவுனியாக்காரர், அதட்டிப் பேசத் தெரியாதவர். சுரேகா எழுந்து, சீற் கவரால் ஒரு நாட்டின் பாதுகாப்புக்கு என்ன வரும் என்று கேட்டாள். கேலிக்காகக் கேட்கவில்லை. போர்க்காலத்தில் ஓமந்தை இராணுவச் சோதனைச்சாவடியில் பாதுகாப்பென்று சொல்லித் தன் தகப்பனின் டோர்ச் பற்றரிகளைப் பறித்ததைச் சிறுமியாக நின்று பார்த்தவள் அவள். அன்று தகப்பன் காரணம் கேட்கவில்லை.

எது பாதுகாப்பு என்பதை அந்த நாடே தீர்மானிக்கிறது என்றார் அதிகாரி. அப்படியென்றால் நாங்களும் அவர்களுடைய சாமானுக்கு வரி போடலாமா என்று அவள் விடவில்லை. பதிலுக்குப் போடுகிற உரிமை தமக்கு உண்டென்று பல நாடுகள் வாதாடுகின்றன, பெரிய நாடுகள் போட்டும் இருக்கின்றன, நாங்கள் போட்டால் இங்கிருந்து அங்கே போகிற உடுப்புகளுக்கும் சேர்த்து அடி விழும் என்று அவர் விளக்கினார். மனிதர் பொய் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது.

புதிய இலக்கைப் பரீட்சித்த கிழமையே தேனுகாவின் சுட்டுவிரலை ஊசி துளைத்தது. பூநகரியிலிருந்து விடியமுன் பஸ் ஏறி வருகிறவள் அவள். தடித்த துணியை அவசரமாகத் தள்ளியிருக்கிறாள். நகத்துக்குள் முறிந்த ஊசியை ஆஸ்பத்திரியில்தான் எடுத்தார்கள். அன்று பின்னேரமே பெண்கள் கூடி, வேலையை நிறுத்துவதென்று கைதூக்கினார்கள். சுரேகாவும் தூக்கினாள்.

மறுநாள் காலை நாஸிம் அவளைத் தேடி மெஷினடிக்கு வந்தார்.

"வேலையை நிப்பாட்டுற உரிமை உங்களுக்கு இருக்கு, சுரேகா. நான் மறிக்க மாட்டன். ஆனா வேலை நிண்டா வாங்கிற கொம்பனிக்காரர் சொல்லாமலே விலகிப் போகலாம் எண்டுதான் ஒப்பந்தம். அவை அதுக்குத்தான் பாத்துக்கொண்டிருக்கினம்."

"நீங்கள் என்ன செய்வீங்கள், சேர்?"

"எனக்கும் வேற வேலை இல்லை."

சாப்பாட்டு நேரத்தில் சுரேகா பெண்களிடம் அதை அப்படியே சொன்னாள். சொல்லும்போதே, அதிகாரியின் பேச்சைத் தன் வாயால் சொல்வதுபோல் இருந்தது. விரலில் கட்டோடு வந்திருந்த தேனுகா கடைசியில் கேட்டாள்.

"அப்ப அந்த உரிமை எங்களுக்கு என்னத்துக்கு, அக்கா?"

சுரேகா திரும்பவும் கைதூக்கச் சொன்னபோது, வேலை செய்வோம் என்று ஒவ்வொன்றாகக் கைகள் எழுந்தன. தேனுகாவின் கை எழவில்லை. ஆனால் அவள் கோபித்துக்கொண்டு போய்விடவும் இல்லை. அந்தப் பக்கத்தில் அவளுக்கும் வேறெங்கே வேலை?

ஒன்றை மட்டும் சுரேகா கேட்டு வாங்கினாள். விரல் ஆறும்வரை தேனுகாவுக்கு நூல் வெட்டுகிற வேலை, முழுச் சம்பளத்தோடு. நாஸிம் யாரிடமும் கேட்காமலே ஒத்துக்கொண்டார். தேனுகாவின் மெஷினில் சுரேகா உட்கார்ந்தாள்.

முதல் சில நாட்கள் இலக்கு எட்டவில்லை. தண்ணீர் குடிக்க எழும்புவதைப் பெண்கள் தாமாகவே குறைத்தார்கள். கிழமைக் கடைசியில் எட்டியது. நாஸிம் வரிசை வரிசையாக வந்து நன்றி சொன்னார், ஒருவரும் நிமிரவில்லை. எட்டாமல் போன நாட்களில் இல்லாத பயம் அப்போதுதான் சுரேகாவுக்கு வந்தது. முடியும் என்று தைத்தே காட்டிவிட்டார்கள்; முடியாதென்று சொல்ல இனி அவர்களிடம் ஒன்றும் இல்லை. அடுத்த உறையை எடுத்து ஊசிக்குக் கீழே வைத்தாள்.