மூணு வாட்டி அடிச்சேன்

என் பையனுக்குத் தமிழ் தெரியும் என்று நான் சொல்லிக்கொள்ளாத ஆள் கிட்வாய் நகரில் கிடையாது. தில்லியில் பிறந்த மற்றப் பிள்ளைகள் பெற்றவர்களிடமே இந்தியில் பேசும்போது, கௌஷிக் மட்டும் "அம்மா, பசிக்கறது" என்பான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இல்லை என்றால் பொய்.

அதனால்தான் போன ஞாயிற்றுக்கிழமை அன்னா என்கிற வக்கீல் பெண் எங்கள் சோபாவில் உட்கார்ந்து, "கௌஷிக்குக்குத் தமிழ் எவ்வளவு தெரியும் ஆன்ட்டி?" என்று கேட்டபோது எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"நன்னாத் தெரியும். கோர்ட்லயே தமிழ்தான் தாய்மொழின்னு சொல்லியிருக்கான்."

"அதுக்காகத்தான் வந்தேன்," என்றாள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் கீழ்வீட்டு மல்ஹோத்ராவின் அப்பா குளியலறை வாசலில் மண்டை உடைந்து செத்துக் கிடந்தார். மல்ஹோத்ராவும் மனைவியும் ஒரு கல்யாணத்துக்காக ஜெய்ப்பூர் போயிருந்தார்கள். பெரியவருக்குத் துணையாக இருந்தவள் இருதயம்மாள். தூத்துக்குடிப் பக்கம், தில்லிக்கு வந்து நாலே மாசம், இந்தி தண்ணீருக்கு 'பானி', மருந்துக்கு 'தவாய்' என்கிற அளவுக்குத்தான். அவள் மாடிக்கு ஓடிவந்து எங்கள் கதவைத் தட்டினாள். நான் கரோல் பாகில் புடவை பார்த்துக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்தது கௌஷிக். அப்போது அவனுக்கு இருபத்திரண்டு வயசு. அவள் தமிழில் சொன்னதை அவன் போலீசிடம் இந்தியில் சொன்னான்: "அங்கிள் கோ தீன் பார் மாரா." பெரியவரை மூன்று முறை அடித்தாளாம். பிறகு கோர்ட்டிலும் கூண்டில் ஏறி அதையே சொன்னான்.

வழக்கே அந்த ஒரு வாக்கியம்தான். மற்றபடி ஒப்புக்கு ஒரு கைத்தடி, அதில் ரத்தக் கறைகூட இல்லை. அவளுக்கு ஆயுள் தண்டனை. நானோ அவன் சாட்சி சொன்ன அன்றைக்கே திருச்சி அக்காவுக்கு போன் பண்ணி, பிள்ளை கோர்ட்டில் தாய்மொழி தமிழ் என்று சொன்னதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். இப்போது நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

அன்னா ஃபைலைப் பிரித்தாள். "மூணு அடின்னா மூணு காயம் இருக்கணுமில்ல? போஸ்ட்மார்ட்டத்துல ஒண்ணுதான் இருக்கு. வழுக்கி விழுந்தாலும் அப்படிப் படும். டாக்டரை யாரும் கேக்கலை. கௌஷிக்கையும் கேக்கலை. இதைப் பாருங்க."

குறுக்கு விசாரணை என்ற இடத்துக்குக் கீழே ஒரே வரி: 'இல்லை. வாய்ப்பு அளிக்கப்பட்டது.'

அவளுக்கு சர்க்கார் வைத்த இலவச வக்கீல்கள் மூன்று பேர் மாறினார்களாம். ஒருவருக்கும் தமிழ் தெரியாது, ஒருவரும் ஜெயிலுக்குப் போய் அவளைப் பார்க்கவும் இல்லை. ஒரு பெண்ணின் வாழ்க்கையை இவ்வளவு அலட்சியமாகவா முடித்துவைப்பார்கள்?

"இருதயம்மாள் என்ன சொல்றா?" என்று கேட்டேன்.

"மருந்துக் கடையில கூட்டம், வர நேரமாகும்னு சொல்ல பெரியவருக்கு போன் அடிச்சாங்களாம். மூணு வாட்டி. அவர் எடுக்கலை. அந்தக் கால் ரிக்கார்டெல்லாம் இப்போ கிடைக்காது ஆன்ட்டி. வர்ற வாரம் அப்பீல், அவங்களுக்கு நான்தான் ஆஜராகறேன். மிச்சம் இருக்கறது கௌஷிக் காதுல விழுந்தது மட்டும்தான்."

எங்கள் வீட்டில் போன் பண்ணுவோம், அடிக்க மாட்டோம். ஆனால் என் ஆபீஸில் மதுரைக்காரர் பரமசிவம், "உங்களுக்கு அடிச்சேனே மேடம், எடுக்கலையே" என்பார். உள்ளே போய்க் கௌஷிக்கைக் கூப்பிட்டேன்.

அவன் வந்து உட்காரக்கூட இல்லை. "என் கனடா விசாவுக்கு போலீஸ் சர்டிஃபிகேட் இன்னும் வரல்லை. இப்போ போய் ஸ்டேட்மென்ட்டை மாத்தினா, அன்னிக்கு ஜூட், அதான் பொய், சொன்னேன்னு என் மேலேயே கேஸ் வரும்."

"தப்பாப் புரிஞ்சுக்கறது பொய் இல்லை," என்றாள் அன்னா.

"நான் சரியாத்தான் புரிஞ்சுண்டேன்."

"அப்போ அவ சொன்னதை அப்படியே சொல்லு," என்றேன். "உன் தமிழ்ல வேண்டாம். அவ சொன்ன மாதிரியே."

மறந்திருப்பான் என்று நினைத்தேன். மறந்திருந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அவன் மறக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, அவளுடைய அந்த ஊர் இழுப்போடு சொன்னான்.

"ஐயாவுக்கு மூணு வாட்டி அடிச்சேன் தம்பி. அப்புறம் பாத்தா செத்துக் கெடக்காரு."

அவன் கையைப் பிடித்தேன். "ஐயாவுக்கா, ஐயாவையா?"

"ஐயாவுக்கு. ஏன், என்ன டிஃபரன்ஸ்? ரெண்டும் 'அங்கிள் கோ' தானே அம்மா?"

இந்தியில் இரண்டும் ஒன்றுதான். தமிழில் ஐயாவை அடித்தால் குற்றம், ஐயாவுக்கு அடித்தால் டெலிபோன். 'பசிக்கறது' என்று சொல்லக் கற்றுக் கொடுத்ததோடு நான் கடையைச் சாத்திவிட்டேன். மிச்சத்தை அவன் எங்கே போய்க் கற்றுக்கொள்வான்?

மெதுவாக எடுத்துச் சொன்னேன். அவன் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அம்மா, நான் கூண்டுல நிக்கறப்போ அவங்க பின்னாலேர்ந்து கத்திண்டே இருந்தாங்க. 'போன்லதான் தம்பி, போன்லதான்'னு. அவங்க என்ன சொல்றாங்கன்னு ஜட்ஜ் என்னைக் கேட்டார்."

"நீ என்ன சொன்னே?"

"போன் வேணுமாம்னு சொன்னேன். அதெல்லாம் அப்புறம்னு சொல்லிட்டார்."

அன்னா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொள்ளவில்லை. ஆறு வருஷம். அந்தக் கோர்ட்டில் அவளுக்கென்று இருந்த ஒரே தமிழ்க் காது என் பிள்ளையுடையது.

"எழுதிக்கோங்கோ," என்றான் கௌஷிக் அன்னாவிடம். "விசா போனாப் போறது."

அவன் சொல்லச் சொல்ல அன்னா எழுதிக்கொண்டாள். அவன் கையெழுத்துப் போட்டான். பிறகு அவள் தயக்கத்தோடு, "இவருக்குத் தமிழ் சரியா வராதுன்னு நெருங்கினவங்க யாராவது தனியா எழுதிக் கொடுத்தா பலமா இருக்கும்," என்றாள்.

"பேனாவைக் குடு," என்றேன்.

எனக்கு ஆபீஸில் எழுதி எழுதி இங்கிலீஷும் இந்தியும் தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் தமிழில்தான் எழுதினேன். 'நான் விஜயலக்ஷ்மி, கௌஷிக்கைப் பெற்றவள். என் மகனுக்குத் தமிழ் தெரியாது.'

கௌஷிக் என் தோளுக்கு மேலே எட்டி அந்தக் காகிதத்தைப் பார்த்தான்.

"என்ன எழுதியிருக்கே அம்மா?" என்று கேட்டான்.