மாதிரிக்குப் போட்ட பெயர்

நான் என்ன வேலை செய்கிறேன் என்று யாராவது கேட்டால், அம்மா "கம்ப்யூட்டர் ரிப்பேர்" என்று சொல்லிவிடுவார். நான் செய்வது இணையதளம். ஆனால் எங்கள் சின்ன டவுனான குருணில் அதை விளக்கி முடிப்பதற்குள் பழுதான பிரிண்டர் ஒன்று வாசலுக்கு வந்துவிடும். அதையும் கழற்றிப் பார்த்து, அதனிடமும் தோற்றுத் திருப்பி அனுப்புவேன்.

பக்கத்துப் பாடாங் மேஹாவில் எங்கள் ரப்பர்த் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு இணையதளம் செய்ததும் நான்தான். திருவிழாவில் ஒவ்வொரு நாள் உபயமும் ஒரு குடும்பத்துடையது. நாளுக்கு ஒரு பக்கம். எல்லாப் பக்கத்தின் உச்சியிலும் ஒரே சிவப்புப் பட்டை: 'இன்றைய உபயம், இன்னார் குடும்பத்தார்.' பட்டையை ஒருமுறைதான் எழுதினேன். எல்லாப் பக்கமும் அதையே எடுத்து வைத்துக்கொள்ளும். எங்கள் தொழிலில் சோம்பலுக்கு இப்படி மரியாதையான ஏற்பாடுகள் உண்டு.

ஆனால் தான் எந்தப் பக்கத்தில் நிற்கிறோம் என்று பட்டைக்குத் தெரியாது. கோயிலில் மைக் பிடிக்கும் தயாளன் அண்ணனைப் போலத்தான். தினமும் அதே அண்ணன், அதே குரல். இன்று யார் உபயம் என்று ஒருவர் துண்டுச் சீட்டை அவர் கையில் திணிக்க வேண்டும். பக்கமும் பட்டைக்கு அப்படிப் பெயரைக் கொடுக்க வேண்டும். கொடுக்க மறந்தால், எழுதும்போது மாதிரிக்குப் போட்டுவைத்த பெயரைக் காட்டிவிடும். மற்றவர்கள் மாதிரிக்கு 'அஆஇ' என்று போடுவார்கள். நான் 'குணாளன் – லோகேஸ்வரி குடும்பத்தார்' என்று போட்டிருந்தேன்.

குணாளன் நான். லோகேஸ்வரி, கோயில் தலைவர் பரஞ்சோதி மாமாவின் மகள். தெற்குக் கோடியில், ஜோகூரில் ஒரு ஆய்வுக்கூடத்தில் வேலை. வருஷத்துக்கு ஒருமுறை திருவிழாவுக்கு வருவாள். மஞ்சள் நீர் அன்று என் சட்டையை நாசம் செய்துவிட்டுப் பஸ் ஏறுவாள். முறைப்பையன் மேல் ஊற்றலாம் என்பது வழக்கம். எந்த வகையில் முறை என்று யாரும் விசாரித்ததில்லை, நானும் கிளறியதில்லை. அந்தச் சட்டைகள் அலமாரியில் இருக்கின்றன. கறை போகவே மாட்டேன் என்கிறது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். துவைத்தால்தானே போகும்.

இந்த வருஷம் பரஞ்சோதி மாமா கூப்பிட்டு, மஞ்சள் நீர் உபயத்தைத் தானே எடுத்துக்கொண்டதாகச் சொன்னார். அந்த நாளுக்கும் ஒரு பக்கம் வேண்டுமாம். போனை வைக்கப்போகும்போது, மழை வரும் போலிருக்கிறது என்கிற மாதிரி, லோகேஸ்வரிக்கு லீவு கிடைக்கவில்லை, வரமாட்டாள் என்றார்.

சரி மாமா என்றேன். பக்கத்தைச் செய்தேன். படம் வைத்தேன், பூசை நேரம் போட்டேன், லிங்க்கைக் கோயில் வாட்சாப் குழுவில் அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போனேன். பட்டைக்குப் பெயர் கொடுக்கவில்லை.

மீன் குழம்பு பாதியில் இருக்கும்போது தயாளன் அண்ணன் கூப்பிட்டார்.

"தம்பி, கல்யாணம் எப்ப முடிஞ்சிச்சு? எனக்குச் சாப்பாடு போடல லா."

"என்னாண்ணே சொல்றீங்க?"

"குடும்பத்தார்னு போட்டிருக்கே. பிள்ளைங்க எத்தன பேருன்னும் சொல்லிடு, மைக்குல வாசிக்கணுமில்ல."

அதைக் குழுவில் போடாமல் என்னைத் தனியாகக் கூப்பிட்டாரே, அந்த மனுஷனுக்குக் கோயில் கட்டலாம். கையைக்கூடக் கழுவாமல் மாடிக்கு ஓடினேன். சிவப்புப் பட்டையில் நாங்கள் இருவரும் கொட்டை எழுத்தில் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தோம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. திருத்த ஒரு வரி போதும். விரல்களைச் சட்டையில் துடைப்பதற்குள் ஜோகூரிலிருந்து அழைப்பு வந்துவிட்டது.

"குணா, மஞ்சத்தண்ணி பக்கத்துல அப்பா பேரக் காணோம்."

சோதித்துப் பார்க்க மாதிரிக்குப் போட்டது, தொழிலில் எல்லாரும் செய்வதுதான், பட்டைக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாது என்றெல்லாம் உளறினேன். அவள் குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டாள்.

"எப்பப் போட்ட மாதிரி அது?"

"போன வருஷம். நீ பஸ் ஏறின அன்னிக்கு."

அவள் பக்கம் சுற்றிக்கொண்டிருந்த ஏதோ இயந்திரத்தை நிறுத்தினாள்.

"அப்பா இன்னும் பாக்கல. கண்ணாடியத் தேடிக்கிட்டு இருக்காராம். அதுக்குள்ள மாத்திடு. ஆசப்பட்டு எடுத்த உபயம், அவரு பேருதான் இருக்கணும்."

"இப்பவே மாத்தறேன். அந்த மாதிரிப் பேரையும் அழிச்சிடறேன்."

"அத அழிக்கச் சொன்னேனா? உள்ளுக்குள்ள இருந்துட்டுப் போகட்டும்."

வைத்துவிட்டாள்.

ஒரு வரி எழுதினேன். பட்டை 'பரஞ்சோதி – மருதம்மாள் குடும்பத்தார்' என்று மாறியது. கண்ணாடி கிடைத்த மாமா குழுவில் ஒரு கும்பிடு போட்டார்.

பிறகு இன்னொரு பக்கம் செய்தேன். தேதி இல்லை, படம் இல்லை. பட்டைக்கு வேண்டுமென்றே பெயர் கொடுக்கவில்லை. மற்ற பக்கங்களிலிருந்து அந்தப் பக்கத்துக்கு வழியும் வைக்கவில்லை. லிங்க்கை ஜோகூருக்கு மட்டும் அனுப்பினேன். நீலக் குறி விழுந்தது. பதில் வரவில்லை.

மஞ்சள் நீர் அன்று என் மேல் யாரும் ஊற்றவில்லை. வெள்ளைச் சட்டை வெள்ளையாகவே வீடு திரும்பியது. தளத்தில் எந்தப் பக்கத்தை எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று காட்டும் இடத்தைத் திறந்தேன். அந்த வெற்றுப் பக்கத்தில் ஒருவர் இருந்தார். வேறு யார், நானாகத்தான் இருக்கும் என்று நான் திறந்து வைத்திருந்ததை மூடினேன்.

கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி பார்த்தேன். அப்போதும் ஒருவர் இருந்தார்.