எட்டாவது குரல்

தீயணைப்பு நிலையத்தில் இருபது வருடம் குப்பை கொட்டியவனுக்குக் கண்ணை விடக் காதில்தான் நம்பிக்கை அதிகம். புகை மண்டிய அறைக்குள் தோளை உரசிக்கொண்டு நிற்பவன்கூடத் தெரியமாட்டான். அதனால் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் குரலால் எண்ணிக்கொள்வோம். முன்னால் இருப்பவன் ‘ஒண்ணு’ என்பான், அடுத்தவன் ‘ரெண்டு’ என்பான், கடைசி எண் காதில் விழுந்தால்தான் மேற்கொண்டு நகர்வோம். நல்ல வழக்கம்தான், உயிரைக் காப்பாற்றிய வழக்கம். இதையே பட்டப்பகலில், நடுரோட்டில், எட்டு மோட்டார் சைக்கிள்களை வைத்துக்கொண்டு செய்ததுதான் எங்கள் கோளாறு.

எட்டுப் பேரும் ஒரே நிலையம். யார் யார் காலையோ பிடித்து, ஷிஃப்ட் மாற்றி, ஐந்து நாள் லீவு வாங்கிக் கிளம்பியிருந்தோம். ஆயிரத்தெண்ணூறு கிலோமீட்டர். முதல் வண்டி ஆபீசருடையது. இரண்டாவது, நிலையத்தில் தீயணைப்பு வண்டி ஓட்டும் டிரைவர் அண்ணன். நடுவில் ஏணி, அவன் உயரத்துக்கு அந்தப் பெயர், இன்னும் மூன்று பேர். ஏழாவது நான். எட்டாவது மாப்பிள்ளை.

மாப்பிள்ளை என்றால் என் தங்கை புருஷன். அதற்கும் முன்னால் பதினோரு வருடமாக என் ஜோடி. தண்ணீர்க் குழாயின் முனையை அவன் பிடித்தால் பின்னால் பாரத்தை நான் தாங்குவேன். நான்தான் பார்த்துக் கட்டிவைத்தேன் என்று எல்லாரிடமும் பீற்றிக்கொள்வேன். உண்மையில் அவர்களே பேசி முடித்துவிட்டுக் கடைசியில்தான் என்னிடம் சொன்னார்கள். அது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

மூன்றாம் நாள் மதியம், சாப்பாட்டுக் கடையில், அவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“மச்சான், நான் வேலைய விடப்போறேன். ஒரு கம்பெனில பாதுகாப்பு அதிகாரி வேலை. அடுத்த மாசம் சேரணும்.”

“யாருக்கெல்லாம் தெரியும்?”

“வீட்ல தெரியும். ஆபீசர்கிட்டயும் சொல்லிட்டேன்.”

மறுபடியும் நான்தான் கடைசி. சுர்ரென்று தலைக்கேறியது. “அவ சொல்லிக்கொடுத்தாளா?” என்றேன்.

“அவளும் சொன்னா. எனக்கும் போதும்னு தோணுது.”

“பயந்துட்டேன்னு நேரா சொல்லேன்டா.”

அவன் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனான். எரியும் மாடிப்படியில் மூன்று தடவை ஏறி இறங்கியவனைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக்கூடாது. சொல்லும்போதே தெரிந்தது. தெரிந்தும் வாபஸ் வாங்கவில்லை, அதுதான் என் குணம்.

அவரவர் தன் பின்னால் வருபவனைக் கண்ணாடியில் வைத்துக்கொள்ள வேண்டும், விளக்கு தெரியாவிட்டால் நிறுத்த வேண்டும் என்பது ஆபீசர் போட்ட விதி. நான் வண்டியை எடுத்ததும் செய்த முதல் காரியம், வலது கண்ணாடியை வானத்தைப் பார்க்கத் திருப்பிவிட்டதுதான். அவன் விளக்கைக்கூடப் பார்க்கப் பிடிக்கவில்லை.

மலையிறங்கும் பாதை. ஜல்லி சிதறிய வளைவுகள். இறங்கி முடித்ததும் ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. லாரிகளும் பஸ்களும் வரிசையாக நிற்க, நாங்கள் கிடைத்த சந்துகளில் சொருகிக்கொண்டு நின்றோம். எனக்கு முன்னாலும் லாரி, பின்னாலும் லாரி. ரயில் போய் முடிந்ததும் முன்னாலிருந்து ஆபீசரின் குரல் வந்தது. “ஒண்ணு!”

ரெண்டு. மூணு. இன்ஜின் இரைச்சலைத் தாண்டிக் குரல்கள் வந்தன. ஆறு. “ஏழு!” என்று கத்தினேன். பின்னால் சத்தமில்லை.

மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான், வாயைத் திறக்கமாட்டான் என்று நினைத்தேன். கேட் தூக்கிவிட்டார்கள். லாரிக்காரன் ஹாரனை அழுத்துகிறான். நிலையத்தில் காலை அணிவகுப்பில் அவன் தாமதமாக வரும் நாட்களில் அவன் எண்ணை நான்தான் சொல்வேன், எனக்கு அவன் சொல்வான். இது எல்லாரும் செய்கிற திருட்டுத்தனம், ஆபீசரும் காதில் விழாததுபோல் இருப்பார். அந்தப் பழக்கம் நாக்கில் ஊறிப்போயிருந்தது. குரலைக் கொஞ்சம் கரகரப்பாக்கிக்கொண்டு, “எட்டு!” என்றேன்.

வரிசை கிளம்பிவிட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

இருபது கிலோமீட்டர் தள்ளி ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். மணி மூன்று ஐந்து. கடைக்காரர் எட்டு டீ கொண்டுவந்து வைத்தார். ஏழு பேர் எடுத்துக்கொண்டார்கள்.

“மாப்ள எங்கடா?” என்றான் ஏணி.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் சாலையைப் பார்த்தேன். பத்து நிமிடம் காத்திருந்தோம். போன் போட்டால் எல்லைக்கு வெளியே என்று சொல்லிச் சொல்லிக் கட்டானது.

ஆபீசர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “கேட்ல எட்டு கேட்டுச்சு. அப்ப கேட்டுக்கும் இங்கேயும் நடுவுலதான் எங்கயோ இருக்கான்.”

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். எட்டு சொன்னது நான்தான் என்று சொல்லிவிட்டால் போதும். ஆனால் ஆறு பேர் முன்னால், அதுவும் ஆபீசர் முன்னால், எப்படிச் சொல்வது? ஒருவேளை அவன் கேட் வரைக்கும் வந்திருக்கலாமே, பேசாமல் நின்றிருக்கலாமே, பஞ்சர் ஒட்டிக்கொண்டிருப்பானே என்று எனக்கு நானே கதை சொல்லிக்கொண்டேன். பயந்தவன் யார் என்பது அப்போதே தெரிந்துபோனது.

ஆபீசர் பக்கத்து ஊர்த் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டார். அந்த ஊர் ரயில்வே கேட்டிலிருந்து நான்கைந்து கிலோமீட்டர்தான். “கேட்ட தாண்டி இந்தப் பக்கம் தேடுங்க சார். நாங்க இங்கேருந்து வர்றோம்,” என்றார். நம் ஆள் ஒருவன் என்றதும் அவர்கள் உடனே வண்டியை எடுத்துவிட்டார்கள். நான் கேட்டுக்கொண்டுதான் நின்றேன்.

சாலையின் இரு பக்கமும் பார்த்துக்கொண்டு மெதுவாகத் திரும்பி வந்தோம். ஒவ்வொரு பாலத்திலும் இறங்கினோம். புதர்களை விலக்கினோம். டிரைவர் அண்ணன் பள்ளத்துக்குள் இறங்கிக் கத்திவிட்டு ஏறி வருவார். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது, முட்டி வலி. “இங்க இல்ல தம்பி,” என்று ஒவ்வொரு தடவையும் என்னிடம்தான் சொல்வார், என் குடும்பத்து ஆள் என்பதால். அவர் மூச்சு வாங்குவதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். ஆனாலும் அடுத்த பாலத்தில் இருப்பான், அடுத்த வளைவில் இருப்பான் என்று ஓட்டினேன். அவன் அங்கே விழுந்து கிடக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

கேட் வந்துவிட்டது. மணி நாலு இருபது. அந்த ஊர் வண்டியும் அங்கே வந்து நின்றது. “முழுசா பார்த்துட்டோம் சார், ஒண்ணுமில்ல,” என்றார்கள். ஆபீசர் ஹெல்மெட்டைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். “எட்டு கேட்டுச்சே,” என்றார். “என் காதால கேட்டேனே.”

“சார்,” என்றேன். “அது நான்.”

“என்னது நீ?” என்றார்.

“எட்டு சொன்னது நான். அவன் என்மேல கோவமா இருக்கான், பேசமாட்டான்னு நினைச்சு நானே சொல்லிட்டேன்.”

“அவன எப்ப கடைசியா பார்த்த?”

“சாப்பாட்டுக் கடையில.”

ஏணி என் சட்டையைப் பிடித்தான். ஆபீசர் அவன் கையைத் தட்டிவிட்டார். என்னைத் திட்டவில்லை, என் பக்கம் திரும்பக்கூட இல்லை. “மலைக்கு,” என்று மட்டும் சொன்னார். ஒரு வார்த்தை டீக்கடையில் சொல்லியிருந்தால் அந்த ஊர்க்காரர்கள் மூன்றரைக்கே மலையில் இருந்திருப்பார்கள். அந்தக் கணக்கை எனக்கு யாரும் போட்டுக்காட்ட வேண்டியிருக்கவில்லை.

நாலாவது வளைவில் ஜல்லியில் ஒரு நீளமான கீறல். கீழே பதினைந்து அடியில் ஓடைக் கற்கள். வண்டி சாய்ந்து கிடந்தது, அதன் அடியில் அவன்.

“இருக்கான்!” என்று டிரைவர் அண்ணன் கத்தினார். சறுக்கிக்கொண்டு முதலில் இறங்கியது நான்.

கண் திறந்திருந்தது. இடது தொடை வண்டிக்கும் பாறைக்கும் நடுவில் மாட்டியிருந்தது. நான் வண்டியைத் தூக்கப் போனேன். ஆபீசர் மேலிருந்தே கத்தினார். “தொடாத! ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு!”

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்தான். அவ்வளவு நேரம் நசுங்கிக் கிடந்த காலை மருத்துவ ஆள் இல்லாமல் சட்டென்று விடுவித்தால் அங்கே தேங்கிய விஷம் இதயத்துக்கு ஏறிவிடலாம். சீக்கிரமே வந்திருந்தால் நாலு பேர் சேர்ந்து ஒரே மூச்சில் தூக்கிப் போட்டிருக்கலாம். இப்போது ஆம்புலன்ஸ் வரும்வரை, வண்டியை அவன் மேலேயே வைத்துக்கொண்டு, அசையாமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். எங்கள் பின்னாலேயே வந்திருந்த அந்த ஊர் வண்டியின் வயர்லெஸ்ஸில் கேட்டபோது இருபது நிமிடம் என்றார்கள். ஏணியும் மற்றவர்களும் வண்டியைத் தாங்கிப் பிடித்தார்கள். அவனைப் பேசவைக்கும் வேலையை ஆபீசர் எனக்குக் கொடுத்தார். “நீதான் பேசணும்,” என்றார்.

அவன் கையைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது.

“மச்சான்,” என்றான். உதடு காய்ந்திருந்தது. “மேல ரெண்டு லாரி போச்சு. ஒரு பஸ்ஸும் நின்னு கிளம்புச்சு.”

“கத்தவேண்டியதுதானேடா?”

“எதுக்கு? கத்துனா நெஞ்சு வலிக்குது. மூச்சை மிச்சம் பிடிச்சு வச்சுக்கிட்டேன்.” கொஞ்சம் நிறுத்தினான். “கீழ ரயில் சத்தம் கேட்டுச்சு. கேட்ல நீங்க எண்ணுவீங்க, எட்டு வராது, திரும்பிடுவீங்க. இருபது நிமிஷம், மிஞ்சிப்போனா அரை மணின்னு கணக்குப் போட்டேன். அதான் பேசாம கிடந்தேன்.”

ஏணி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“நேரம் ஆக ஆக எனக்குச் சந்தேகம், நீங்களும் எங்கயோ அடிபட்டுட்டீங்களோன்னு. உனக்கு என்னமோ ஆச்சுன்னே நினைச்சேன். ஏன் மச்சான் இவ்வளவு நேரம்?”

பொய் சொல்ல ஆயிரம் வழி இருந்தது. அவன் மயக்கத்தின் விளிம்பில் இருந்தான், எதைச் சொன்னாலும் நம்பியிருப்பான்.

“எட்டு வந்துச்சு,” என்றேன். “நான் சொன்னேன். உன் குரல்ல. அப்புறம் டீக்கடையில தேடுனப்பவும் நான்தான்னு சொல்லல. ஒரு மணி நேரம் தப்பான பக்கம் தேடவிட்டேன்.”

அவன் என்னையே பார்த்தான். கோபமில்லை, அழுகையில்லை. புரியாத கணக்கு ஒன்று புரிந்துவிட்டவன்போல் பார்த்தான். பிறகு, மெல்ல, என் கையிலிருந்து தன் கையை எடுத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு அவனைப் பேசவைத்தது டிரைவர் அண்ணன்தான். நான் வண்டியின் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆம்புலன்ஸ் வந்தது. ஊசி போட்டு, குழாய் மாட்டி, அவர்கள் தலையசைத்த பிறகு வண்டியைத் தூக்கினோம். அவன் அலறினான். கயிறு கட்டி ஸ்ட்ரெச்சரை மேலே ஏற்றினோம். அந்த வேலையில் யாருக்கும் வாய்ப்பேச்சு தேவைப்படவில்லை, கைகளுக்கே தெரிந்திருந்தது.

“உயிருக்குப் பயமில்லன்னு நினைக்கிறோம். காலைப் பத்தி ஆஸ்பத்திரியிலதான் சொல்லமுடியும்,” என்றாள் ஆம்புலன்ஸ் பெண். “சொந்தக்காரர் யாராவது ஏறுங்க.”

எல்லாரும் எனக்கு வழிவிட்டார்கள். நான் படியில் கால் வைத்தேன்.

“ஆபீசர் வரட்டும்,” என்றான் மாப்பிள்ளை. கண்ணை மூடியிருந்தான்.

நான் இறங்கினேன். ஆபீசர் ஏறும்போது என் தோளை ஒரு தடவை அழுத்தினார். “வீட்டுக்கு நீ சொல்லு,” என்றார்.

கதவு சாத்தப்பட்டது. மலையில் போன் எடுக்காது என்பதால் கேட் வரைக்கும் இறங்கி, ஓரமாக நிறுத்தி, தங்கைக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

“அண்ணா, அவர் போன் ஏன் போகவே மாட்டேங்குது? மதியத்துலேருந்து போடறேன்.”

“உயிரோட இருக்கான்மா,” என்றேன். “விழுந்துட்டான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறாங்க. கால்ல அடி.”

அவள் அழுவாள் என்று காத்திருந்தேன். அழவில்லை.

“நீ எங்கண்ணா இருந்த?”

“அவனுக்கு முன்னாடிதான்,” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம், அவள் நம்பியிருப்பாள். “கேளும்மா,” என்று ஆரம்பித்து, சாப்பாட்டுக் கடையில் நான் சொன்ன வார்த்தையிலிருந்து ஒன்றுவிடாமல் சொன்னேன். நடுவில் அவள் ஒரு தடவைகூட உம் கொட்டவில்லை.