எட்டாவது வரி

அப்பாவின் சவப்பெட்டியின் தலைமாட்டில் நின்றபடி அம்மா அதையே மூன்றாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இந்தத் தடவை கேட்டுக்கொண்டு நின்றவர் றெமிஜியஸ் அங்கிள். அப்பாவோடு ஒரே பேக்கரியில் இருபது வருஷம் வேலை செய்தவர்.

“எல்லாம் என்ர பிழை, றெமிஜியஸ் அண்ணை. ஒரு நம்பர் தேடி எடுக்கத் தெரியாத விசரி நான். என்னால ஐம்பது நிமிஷம் கூடக் கிடந்து துடிச்சது அந்த மனுசன்.”

“அப்பிடிச் சொல்லாதையுங்கோ, கிளடிஸ். உந்தப் போனுக்குள்ள ஒண்டைத் தேடி எடுக்கிறது ஆருக்குத்தான் லேசு?”

மகள் ஸ்டெபனி இரண்டடி தள்ளி நின்று, சரிந்திருந்த மலர்வளையம் ஒன்றை நிமிர்த்திக்கொண்டிருந்தாள். அது நிமிர்ந்து நின்ற பிறகும் கையை எடுக்கவில்லை. நாலு நாளாகச் சரியான நித்திரை இல்லை. எதையாவது பிடித்துக்கொண்டு நிற்பது சுகமாக இருந்தது.

அப்பா பஸ்ரியனுக்கு ஈரலில் புற்றுநோய். ஏப்ரலில் ஆசுபத்திரியிலிருந்து வோபர்னிலிருந்த வீட்டுக்கு, அப்பார்ட்மென்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இனி வீட்டில்தான் முடியும் என்பது அப்பா உட்பட எல்லோருக்கும் தெரியும். வலிமருந்து ஒரு சின்ன இயந்திரத்திலிருந்து குழாய் வழியாக உடம்புக்குள் போய்க்கொண்டிருந்தது. ஏதாவது நடந்தால் அம்புலன்ஸைக் கூப்பிட வேண்டாம், நேர்ஸைக் கூப்பிடுங்கள் என்று சொல்லி அம்மாவிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தார்கள்.

திங்கட்கிழமை லோங் வீக்கெண்ட் லீவு. முதல்நாள் இரவு முழுக்க அப்பாவோடு விழித்திருந்த ஸ்டெபனி, காலையில்தான் மிசிசாகாவிலிருக்கும் தன் வீட்டுக்குப் போய்ப் படுத்தாள். பதினொரு மணிக்கு இயந்திரம் கத்தத் தொடங்கியது. மருந்து நின்றுவிட்டது. பிரிட்ஜில் ஒட்டியிருந்த தாளிலிருந்த நம்பருக்கு அம்மா அடித்தார். இலக்கம் மாறிவிட்டது, புதியதை எங்கள் இணையத்தளத்தில் பார்க்கவும் என்று பதிவுசெய்த குரல் ஒன்று சொல்லிவிட்டு வைத்துவிட்டது.

அம்மா இணையத்தளத்தைத் திறந்தார். ‘குடும்பங்களுக்கு’ என்பதை அமத்தினார். அங்கே துண்டுப்பிரசுரங்கள் இருந்தன, ஒரு கருத்துக்கணிப்பு இருந்தது. ‘சேவைகள்’ என்பதற்குள் போனார், திரும்பி வந்தார், மறுபடியும் போனார். அப்பா அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதுதான் ஸ்டெபனிக்குப் போன் வந்தது.

“பிள்ளை, நீ நித்திரை கொள்ளட்டும் எண்டுதான் எடுக்கேல்லை. எனக்கு உது ஒண்டும் விளங்கேல்லை. அந்த நம்பர் எங்க கிடக்கு?”

ஸ்டெபனி நம்பரை ஒரே மூச்சில் சொன்னாள். அவளுக்கு அது மனப்பாடம். அம்மா அதற்கு அடித்த பிறகு, நேர்ஸ் ஒரு மணிக்கு வந்து குழாயை மாற்றினாள். அப்பா அடங்கிப்போனார். மூன்றரைக்கு மூச்சு நின்றது. கார் ஓட்டி வந்து சேர்ந்திருந்த ஸ்டெபனி அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அப்பாவுக்கு நேர்ஸை அனுப்பிய அந்த நிறுவனத்தின் இணையத்தளத்தைக் கவனிப்பதுதான் ஸ்டெபனியின் வேலை. எந்தப் பக்கம் எந்தத் தலைப்பின் கீழ் வர வேண்டும், மேலே தெரியும் மெனுவில் எந்தெந்த வரி நிற்க வேண்டும். பதினொரு வருஷமாக இதுதான். ஒவ்வொரு பகுதிக்காரரும் தங்களுடையது மேலே தெரிய வேண்டும் என்பார்கள். ஒருவரும் எதையும் கழற்ற விடமாட்டார்கள். போன வருஷம் அவள் பன்னிரண்டு குடும்பங்களைத் தனித்தனியாக இருத்தி, லீவு நாளில் நேர்ஸ் தேவைப்பட்டால் எங்கே அமத்துவீர்கள் என்று கேட்டுப் பார்த்தாள். பத்துப் பேர் மேல் வரிசையில்தான் தேடினார்கள். ‘அவசர உதவி’ என்று எட்டாவதாக ஒரு வரியைச் சேர்த்தது அதற்குப் பிறகுதான்.

பெப்ரவரியில் மனேஜர், ஏழு வரிக்கு மேல் போனால் போன் திரையில் பார்க்க வடிவாக இல்லை என்றார். வேலைவாய்ப்பு விளம்பரத்தை எடுக்க ஏலாது. எட்டாவதைக் கீழே போடலாம். முதல் கூட்டத்தில் ஸ்டெபனி மறுத்தாள். இரண்டாவதிலும் மறுத்தாள். மூன்றாவது கூட்டம் நடந்த அன்று காலைதான் அப்பாவின் ஸ்கான் முடிவு வந்திருந்தது. அன்றைக்கு அவள், “ஓகே” என்றாள். பின்னேரம் தானே மவுஸைப் பிடித்து அந்த வரியை இழுத்து, ‘எங்களைப் பற்றி’யின் கீழ், ‘அலுவலக நேரங்கள்’ என்பதற்குள் போட்டாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

றெமிஜியஸ் அங்கிள் நகர்ந்ததும் அடுத்த ஆட்கள் வந்தார்கள். அம்மா நாலாவது தடவையாகத் தொடங்கினார். ஸ்டெபனி அவருடைய முழங்கையைப் பிடித்துப் பக்கத்து அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே பிளாஸ்க்கில் தேத்தண்ணி இருந்தது. ஒருவரும் இல்லை.

“அம்மா, இனி ஒருத்தருக்கும் அப்பிடிச் சொல்லாதையுங்கோ. உங்கட பிழையில்லை.”

“வேற ஆற்ற பிழை?”

“அந்த நம்பர் முந்தி மேல இருந்தது. அங்க கீழ கொண்டுபோய் ஒளிச்சது நான்.”

அம்மா அவளைப் பார்த்தார்.

“என்னத்துக்கு?”

“மேல எட்டு வரி இருந்தது. ஏழுதான் இருக்கோணுமெண்டவை.”

“எட்டு இருந்தால் என்ன?”

அந்தக் கேள்வியை மூன்றாவது கூட்டத்தில் ஸ்டெபனி கேட்டிருக்க வேண்டும்.

அம்மா தேத்தண்ணி குடிக்கவில்லை. வெளியே போய் மறுபடியும் தலைமாட்டில் நின்றார். அதற்குப் பிறகு வந்தவர்களிடம் அந்தக் கதையைச் சொல்லவில்லை. ஸ்டெபனியோடும் பேசவில்லை. சனிக்கிழமை பூசையின்போது ஸ்டெபனியின் தம்பி றிச்சர்ட்டின் கையைத்தான் பிடித்துக்கொண்டு நடந்தார். குழிக்குள் மண் போடும்போது மட்டும், “குளிருது, அந்தக் கோட்டைப் போடு” என்றார். அது தனக்கா றிச்சர்ட்டுக்கா என்று ஸ்டெபனிக்குத் தெரியவில்லை. போட்டுக்கொண்டாள்.

பின்னேரம் எல்லோரும் போய்விட்டார்கள். அப்பா படுத்திருந்த கட்டிலை வாடகைக்குத் தந்தவர்கள் வெள்ளிக்கிழமையே வந்து எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். அது நின்ற இடத்தில் கார்ப்பெட் வேறு நிறத்தில் இருந்தது. ஸ்டெபனி குசினி மேசையில் லாப்டொப்பைத் திறந்தாள். அந்த வரியைத் தேடி எடுத்து, மேலே, எல்லாவற்றுக்கும் முதலில் வைத்தாள். பக்கத்தில் நம்பரையும் போட்டாள். சேமித்தாள். திங்கட்கிழமை மனேஜரிடமிருந்து கேள்வி வரும். வரட்டும்.

அம்மா கழுவின கோப்பைகளைத் துடைத்துக்கொண்டு பின்னால் நின்றார்.

“வேலையோ?”

“ஓம். நம்பரைத் திருப்பி மேல வைச்சிட்டன்.”

“எதை எடுத்தனீ?”

“ஒண்டையும் எடுக்கேல்லை. எட்டுத்தான்.”

அம்மா ஒரு கோப்பையைத் துடைத்துக் கவிழ்த்து வைத்தார்.

“அண்டைக்கு நீ களைச்சுப்போய் இருந்தனியோ? உதுக்கு ஓம் எண்டு சொல்லேக்க?”

“ஓம் அம்மா.”

அம்மா துணியைக் கதிரையில் போட்டுவிட்டு எதிரே வந்து இருந்தார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுத் தன் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்தார். தேட வேண்டியிருக்கவில்லை. பெருவிரல் நேரே போய் அதில் பட்டது.

“அம்மா, அமத்தாதையுங்கோ, உண்மையா அடிக்கும்.”

அதற்குள் மணி போய்விட்டது. ஒரு பெண் குரல் எடுத்தது. நோயாளியின் பெயர் என்ன என்று இங்கிலிசில் கேட்டது.

ஸ்டெபனி போனை வாங்கக் கை நீட்டினாள். அம்மா கொடுக்கவில்லை. மற்றக் காதுக்கு மாற்றிப் பிடித்துக்கொண்டு, “பஸ்ரியன்” என்றார். எழுத்துகளைச் சொல்ல முடியுமா என்று குரல் கேட்டது.

“பி” என்றார் அம்மா. “ஏ. எஸ்.”

அவசரப்படாமல், ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனார்.