பள்ளி பஸ் வருவதற்குள்

எங்கள் தெருவில் தனியாக வாழ்ந்த கிழவர் எல்மர் செத்துக் கிடந்தது நாலு நாள் யாருக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகு எதிர்வீட்டு வெர்னாவும் நானும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். இருவருமே தனிக்கட்டைகள். காலையில் பள்ளி பஸ் வருவதற்குள் முன்னறை ஜன்னலை மறைக்கும் பிளைண்ட்ஸ் பட்டைகளைத் திறந்துவிட வேண்டும். மூடியே இருந்தால் மற்றவர் போன் செய்வார். எடுக்காவிட்டால் சாவியோடு வருவார்.

அந்தப் பிப்ரவரிக் காலையில் பட்டைகளைத் திறக்கும் திருகு குச்சியைச் சுற்றினேன். மேலே ஏதோ நொறுங்கியது. குச்சி தன் பாட்டுக்குச் சுற்ற, பட்டைகள் அசையவில்லை. மேல் சட்டத்துக்குள் இருக்கிற சின்னப் பல்சக்கரப் பெட்டியின் பற்கள் கொட்டிவிட்டன. என் பற்களைவிட அதிக நாள் உழைத்தவை. குறை சொல்ல முடியாது.

கயிற்றை இழுத்து எல்லாவற்றையும் மேலே தூக்கியிருக்கலாம். செய்யவில்லை. வருகிறாளா பார்ப்போம் என்று உட்கார்ந்துவிட்டேன். டலூத் நகரத்தில் ஆயுள் முழுக்கப் பேருந்து ஓட்டியவன் நான். ஜனங்களைக் காக்க வைத்துத்தான் பழக்கம்.

முகம் மழித்தேன். நல்ல சட்டை போட்டேன். பிணத்தைப் பார்க்க ஓடி வருகிறவள் முன்னால் அழுக்குப் பனியனோடு நிற்க முடியுமா? இரண்டு பேருக்குக் காப்பி போட்டேன். பள்ளி பஸ் போயிற்று. பனி தள்ளும் வண்டி போயிற்று. போன் வேலை செய்கிறதா என்று எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தேன். நன்றாகவே வேலை செய்தது.

மதியம்வரை செத்தே இருந்தேன். பிறகு பசித்தது.

ரொட்டியைத் தின்றுவிட்டு, உடைந்த பெட்டியைக் கழற்றி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். பட்டைகளைத் திருப்பும் கம்பி நுழையும் துளை அறுகோணமா சதுரமா என்று அளந்து பார்த்து, கடைக்காரப் பெண் புதியது தந்தாள். அன்றைக்கு என்னோடு பேசிய முதல் ஆள்.

நாற்காலி மேல் ஏறி அதை மாட்டிக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. வெர்னா.

"ஆர்வில், படியில உறைஞ்ச பனி மேல தூவ உப்பு இருக்கா? வழுக்கி விழப் பாத்தேன். அங்க என்ன வித்தை காட்டற?"

"பிளைண்ட்ஸ் ரிப்பேர்."

"எப்பலேருந்து?"

"காலையிலேருந்து."

அவள் ஜன்னலைப் பார்த்தாள். அடுப்பில் ஆறிக்கிடந்த காப்பியைப் பார்த்தாள். என் சட்டையையும் பார்த்தாள்.

"ஐயோ, ஆர்வில். கோடையில உன் வீட்டு முன்னால மரம் தழைச்சு மறைச்சுதில்ல, அப்ப பாக்கறத விட்டவதான். அப்புறம் மறந்தே போச்சு. என்னுதத் தொறக்கறது மட்டும் கை பழக்கமாயிடுச்சு."

"நான் மட்டும் என்ன, தினமும் பாத்துக்கிட்டா இருக்கேன்?" என்றேன்.

தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"பொய் சொல்றப்ப உன் காது செவந்துடுது" என்றவள், கோட்டைக் கழற்றாமலே நீளக் கம்பியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். நான் அதைப் பெட்டிக்குள் செருகினேன். உப்பை வாங்கிக்கொண்டு, "அங்கேருந்து பாத்துச் சொல்றேன்" என்று போனாள்.

குச்சியைத் திருகினேன். பட்டைகள் அசைந்தன. போன் அடித்தது. காலை முழுக்கக் காத்திருந்த அதே போன்.

"பாதிதான் தொறக்குது. உன் தொப்பை மட்டும் தெரியுது."

பட்டைகளைக் கிடையாக வைக்காமல் கம்பியைச் செருகியிருக்கிறேன். மறுபடி கழற்றி, நேராக்கி, மாட்டினேன். நிமிர்ந்தபோது எதிர் ஜன்னலில் விளக்கு அணைந்திருந்தது. போனும் அடிக்கவில்லை.

மறுநாள் பள்ளி பஸ் வருவதற்குள் திருகினேன். வெண்ணெயில் கத்தி போவதுபோலத் திறந்தது. எதிரே வெர்னாவின் பட்டைகள் ஏற்கெனவே திறந்திருந்தன. கண்ணாடியில் வெயில் அடித்ததால் பின்னால் ஆள் நிற்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும் கையை உயர்த்திக் காட்டினேன்.

நடுவில் மஞ்சள் பஸ் வந்து நின்றது. தனக்குத்தான் என்று நினைத்து ஓட்டுநர் பதிலுக்குக் கையசைத்தார்.

அந்தக் கையசைப்பை வாங்கி வைத்துக்கொண்டேன்.