கூரைமேல் குதிரை

எழுந்ததும் தண்ணீர் கொதிக்க வைப்பேன். ஒரு கோப்பை. அது கொதிப்பதற்குள் பல் துலக்கி முடித்துவிடுவேன். பால் வாங்குவதில்லை, கெட்டுப்போகிறது. பசி எடுப்பதில்லை என்பதால் கடிகாரம் பார்த்து இரண்டு துண்டு ரொட்டி சாப்பிடுவேன். பிறகு டிவிக்குக் கீழே இருக்கும் கேம் பெட்டியைக் குனிந்து பார்ப்பேன். அதன் முன்பக்கத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்ன விளக்கு எரியும். எரிந்தால் சட்டை மாற்றிக்கொண்டு வேலைக்குப் போவேன். மூக்குக்கண்ணாடி லென்ஸ்களைச் சோதிக்கும் வேலை. சீட்டில் எழுதிய பவர்தான் லென்ஸில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதிகம் பேச வேண்டியதில்லை.

ஆரஞ்சு விளக்கு எரிந்தால் பெட்டி தூங்குகிறது, அணையவில்லை என்று அர்த்தம். உள்ளே என் மனைவி பாதியில் விட்டுப்போன ஆட்டம் அப்படியே இருந்தது. வேலைக்குக் கிளம்பியவள் தெருமுனையில் லாரியில் அடிபட்டாள். அந்தக் காலையிலிருந்து அது அப்படியே இருந்தது.

பெட்டி அணைந்தே ஆக வேண்டிய ஒரு நாள் வந்தது. அன்று நான் விடுப்பு எடுத்திருந்தேன். கட்டடம் முழுக்க வயரிங் மாற்றுகிறார்கள், காலை பத்து மணிக்கு மின்சாரத்தை நிறுத்துவார்கள் என்று லிஃப்டில் ஒட்டியிருந்தது. அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே பல நாள் ஏறி இறங்கினேன். முந்தின நாள்தான் மச்சினனுக்கு, அவள் தம்பிக்கு, போன் செய்தேன்.

காலையில் வந்தவன் செருப்பைக் கழற்றுவதற்குள் பேச ஆரம்பித்துவிட்டான்.

"சேவ் பண்ணாமலா வச்சிருக்கா அக்கா? இத்தனை நாளா கரண்ட் போகவே இல்லையா? நானும் இந்தப் பக்கமே குடிவந்துடறேன் மாமா."

"நினைச்ச இடத்துல சேவ் பண்ண முடியாதாமே."

"சத்திரத்துல போய்ப் படுத்தாத்தான் சேவ் ஆகும். அதுக்காகவே பாதிப்பேர் அந்த கம்பெனிக்காரனைக் கழுவி ஊத்தறான்."

எனக்குத் தெரியும். விளையாடியதில்லை, ஆனால் 'உப்பு நாடு' என்ற அந்த ஆட்டத்தைப் பற்றி ஆட்டக்காரர்கள் இணையத்தில் எழுதிய எல்லாவற்றையும் படித்திருந்தேன். பஸ்ஸில், சாப்பாட்டு இடைவேளையில். 'கதவு வைக்க மறந்து கட்டிய அரண்மனை' என்று ஒருவர் எழுதியிருந்தார். 'நாற்பது பேர் சேர்ந்து நானூறு பேர் வேலையைச் செய்யப் பார்த்திருக்கிறார்கள். கும்பிடவும் தோன்றுகிறது, உதைக்கவும் தோன்றுகிறது' என்று இன்னொருவர். முழங்கால்வலி என்ற பெயரில் எழுதுபவர்: 'சண்டையில் என் வாள் சுவருக்குள் போய் மாட்டிக்கொண்டது. ஆனால் மழை வந்தால் ஊர்ஜனம் காயப்போட்ட துணியை எடுக்க ஓடுகிறது. எனக்கு இது போதும்.'

மச்சினன் பெட்டியை எழுப்பி, உடனே ஆட்டத்தை நிறுத்திவைத்தான். திரையில் மழை. பழுப்பு அங்கி போட்ட ஒரு பெண், மனைவி ஆட்டத்தில் நடத்திய ஆள், நமக்கு முதுகு காட்டி நிற்கிறாள். எதிரே ஓட்டு வீடு. கூரையின் உச்சியில், மூட்டை முடிச்சோடு ஒரு குதிரை.

"அடப்பாவி! இவளுக்கும் ஏறிடுச்சா?"

எல்லாருக்கும் ஏறும். ஆட்டத்தின் பெயர்போன கோளாறு அது. குதிரையை விட்டுவிட்டுச் சத்திரத்துக்குப் போனால் அது தொலைந்ததாகக் கணக்கு. மூட்டையில் அவள் நடந்து நடந்து வரைந்த கடற்கரை வரைபடம் இருக்கிறது.

"நான் கூரைல ஏறி, குதிரைமேல உக்காந்து குதிச்சிடறேன் மாமா. பெரும்பாலும் பொழைச்சுக்கும்."

"பொழைக்கலன்னா?"

"குதிரை காலி. அக்கா பழைய சத்திரத்துக்குப் போயிடுவா. அதுக்கப்புறம் ஆடினதெல்லாம் போச்சு."

"வேண்டாம். தொடாத. சும்மா ஓடவிடு."

"சும்மா ஓடவிட்டா? அதுவா இறங்குமா? எவன் சொன்னான்?"

அப்படியும் ஒரு கட்சி இருந்தது. இந்த ஆட்டத்தில் ஒவ்வோர் உயிருக்கும் பசி வைத்திருக்கிறார்கள், பசித்தால் இறங்கும் என்பது அவர்கள் வாதம். நம்புகிறவர்கள் குறைவு. மச்சினன் போனை எடுத்து ஒத்தக்கண் கொக்கு என்பவர் எழுதியதைச் சத்தமாகப் படித்தான்: "'காலையிலிருந்து உட்கார்ந்து பார்த்தேன். குதிரை இறங்கவில்லை, எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது.' கேட்டீங்களா? மணி ஒன்பதாகுது மாமா."

"கேட்டேன். ஓடவிடு."

முணுமுணுத்துக்கொண்டே ஓடவிட்டான். மழை பெய்தது. குதிரை நின்றது. பெண் நின்றாள்.

மாமியார் போன் செய்தார். தினமும் செய்வார்.

"சாப்டீங்களா மாப்பிள்ளை?"

"ஆச்சு அத்தை."

"போயிட்டு வரேன்னு சொல்லிட்டுத்தானே போனா. அதையே நினைச்சுக்கிட்டு இருக்கேன்."

"ஆமா அத்தை."

ஆஸ்பத்திரியில், கடைசியாக என்ன சொன்னாள் என்று அவர் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். வீட்டு வாசலில் கிளம்பும்போது எல்லாரும் சொல்வதை நானும் சொல்லி வைத்தேன்.

ஒன்பதரை. மழை விட்டது. ஊர்ப்பெண் ஒருத்தி கதவு வழியாக வராமல் சுவர் வழியாக வெளியே வந்து துணி உலர்த்தினாள். மச்சினன் சிரிக்கவில்லை. "இன்னும் அஞ்சே நிமிஷம். அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் குதிச்சுடுவேன்" என்றான்.

குதிரை தலையைத் திருப்பியது. முன்னங்காலைத் தாழ்வாரத்தின் மேல் வைத்தது. சறுக்கியது. அங்கிருந்து வைக்கோல் போரில் இறங்கி, நின்ற இடத்திலேயே மேய ஆரம்பித்தது.

"மாமா! யோவ் மாமா!" அவன் சோபாமேல் ஏறி நின்றான். பிறகு இறங்கி கண்ட்ரோலரை என்னிடம் நீட்டினான். "நீங்களே ஓட்டுங்க."

"எனக்குத் தெரியாது."

"இடது கட்டைவிரல். அவ்வளவுதான்."

கிணற்றில் மோதினேன். வேலியில் மோதினேன். ஒரு கிழவர் என்னை ஏதோ திட்டினார். "வலது மாமா, வலது! லென்ஸ் பாக்கறவருக்குச் சுவர் தெரியலையா?" எப்படியோ சத்திரம் வந்தது. குதிரையைக் கட்டினேன். பெண் படியேறிப் போய்ப் படுத்தாள். மூலையில் ஒரு வட்டம் சுற்றி, நின்றது. பதிவாகிவிட்டது.

மச்சினன் பெட்டியை முறைப்படி அணைத்தான். ஆரஞ்சு விளக்கும் அணைந்தது. கொஞ்ச நேரத்தில் மின்விசிறி வேகம் குறைந்து நின்றது. கீழே வேலைக்காரர்கள் ஏணியை இழுக்கும் சத்தம் கேட்டது.

"அத்தனை பேர் எழுதியிருக்கான். நீங்க யார் சொன்னதை நம்புனீங்க?" என்று கேட்டான்.

"அவங்க யாரும் சொன்னதில்ல. உங்க அக்கா சொன்னது."

"எப்ப?"

"அன்னைக்கு. செருப்பு மாட்டிக்கிட்டே. அதுக்கப்புறம் எதுவும் சொல்லல."

"அம்மாகிட்ட வேற மாதிரி சொன்னீங்களே மாமா."

"ஆமா."

அவள் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"குதிரையத் தொட்டுடாத. பசிச்சா அதுவா இறங்கும்."